திருகோணமலை அரச வைத்தியசாலைகள்: மருத்துவர்கள் எதை முதலில் கேட்கிறார்கள், ஏன்?

மாவட்டத்தின் சுகாதார சேவை முன்னேறப் போகிறது என்று செய்தி வரும்போது அதில் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் இருக்கும்: புதிய மாடிக் கட்டடம், புதிய ஸ்கேன் இயந்திரம், ஏதாவதோர் ஆஸ்பத்திரியின் தரமுயர்வு. இங்கே வேலை செய்யும் மருத்துவர்களின் கோரிக்கைப் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். மயக்க மருந்து நிபுணர் லீவில் போனால் பதிலாள், இடையில் அறுந்துபோகாத மருந்து வரத்து, இரவிலும் இரத்தம் பார்க்கக்கூடிய ஆய்வுகூடம், இடமாற்றப் பட்டியல் வந்ததும் காலியாகாத பிரதேச வைத்தியசாலை. வாசிப்பவருக்கு இவை சில்லறைக் குறைகளாகத் தெரியலாம். ஆனால் இவற்றில் ஒன்று நின்றாலும் அதன் சுமை பட்டணத்து வைத்தியசாலையின் விடுதியில்தான் வந்து இறங்குகிறது. கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் நோயாளி, பல நேரங்களில் 40 கிலோமீற்றருக்கு அப்பால் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையின் விளைவு. எப்படி என்று பார்ப்போம்.

அடிப்படை: எந்த ஆஸ்பத்திரி எதற்கு?

திருகோணமலை மாவட்டம் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளைக் கொண்டது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 3,80,000 பேர். வடக்கே புல்மோட்டை, தெற்கே வெருகல், மேற்கே பதவி ஸ்ரீபுர வரை 2,700 சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. இதற்குள் அரச சிகிச்சை நிலையங்கள் நான்கு படிகளில் இருக்கின்றன.

1. மாவட்டப் பொது வைத்தியசாலை: பட்டணத்தில் இருப்பது. பல துறை நிபுணர்கள், அதிதீவிர சிகிச்சைப் பிரிவு, இரத்த வங்கி எல்லாம் இங்கே.

2. ஆதார வைத்தியசாலைகள்: கந்தளாய், கிண்ணியா, மூதூர் போன்றவை. பொது வைத்தியம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, சிறுவர் நோய் ஆகிய நான்கு அடிப்படைத் துறைகளும் இந்தப் படியில் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

3. பிரதேச வைத்தியசாலைகள்: நிலாவெளி, தம்பலகாமம், ஈச்சிலம்பற்று, கோமரங்கடவல போன்றவை. விடுதி உண்டு, மருத்துவர் உண்டு, நிபுணர் இல்லை.

4. ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகள்: ஊரில் இன்னமும் டிஸ்பென்சரி என்றே சொல்வார்கள். தங்கிச் சிகிச்சை பெற முடியாது. வெளிநோயாளர் மட்டும்.

இவற்றுக்குப் பக்கத்தில், சிகிச்சையைவிடத் தடுப்பைப் பார்க்கும் இன்னொரு அமைப்பு இருக்கிறது: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. குடும்ப நல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இதைச் சேர்ந்தவர்கள். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய முறை இது. இலங்கையின் தாய் சேய் மரணங்கள் குறைந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

நான்கு படிகளும் காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. ஆனால் இலங்கையில் எந்த நோயாளியும் எந்த அரச ஆஸ்பத்திரிக்கும் நேரே போகலாம். கீழ்ப்படியில் இருந்து துண்டு கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காசும் இல்லை. 1951 இல் கட்டணம் நீக்கப்பட்ட காலத்திலிருந்து காப்பாற்றிவரும் உரிமை இது, இதைத் தொடக்கூடாது. இதன் விளைவையும் அறிந்திருக்க வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரியில் இரண்டு முறை மருந்து இல்லை என்ற பதிலைக் கேட்டவர் மூன்றாம் முறை அங்கே போகமாட்டார். பட்டணத்துக்கு பஸ் ஏறிவிடுவார். கீழ்ப்படியில் ஆள் குறைகிறது. ஆள் குறைந்த இடத்துக்கு அடுத்த வருடம் மருந்தும் மருத்துவரும் குறைகிறார்கள்.

யார் பொறுப்பு?

செய்திகளில் அதிகம் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான். 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின்படி, போதனா வைத்தியசாலைகளும் விசேட நோக்கத்துக்காக நிறுவப்பட்டவையும் தவிர்ந்த அரச வைத்தியசாலைகள் மாகாண சபையின் பொறுப்பு. மாகாணத்தில் ஒரு சுகாதார சேவைகள் பணிப்பாளர், அவருக்குக் கீழ் மாவட்ட அளவில் பிராந்தியப் பணிப்பாளர். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் இருப்பதும், எங்கள் பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ் இருப்பதும் இதனால்தான்.

ஆனால் பொறுப்பு மாகாணத்திடம் இருந்தாலும் கருவிகள் முழுவதும் அதன் கையில் இல்லை. மருத்துவர்களை நியமிப்பதும் இடமாற்றுவதும் மத்திய அமைச்சு. மருந்தைக் கொள்வனவு செய்வது பெரும்பாலும் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம். அதைச் சேமித்துப் பங்கிடுவது மத்தியின் மருத்துவ வழங்கல் பிரிவு. மாகாணத்தின் பணத்தில் பெரும் பகுதி நிதி ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி மத்தியிலிருந்து வருகிறது. ஆகவே ஓர் ஆஸ்பத்திரியில் மருத்துவர் இல்லை என்றால் பிராந்தியப் பணிப்பாளர் எழுதலாம், கேட்கலாம், வேறு ஆஸ்பத்திரியிலிருந்து தற்காலிகமாக ஒருவரை எடுத்துப் போடலாம். புதிதாக ஒருவரை நியமிக்க அவரால் முடியாது.

எங்கள் ஆஸ்பத்திரியை மத்தியின் கீழ் எடுங்கள் என்ற குரல் அவ்வப்போது எழுவதற்கும் காரணம் இதுவே. மத்தியின் கீழ் போனால் அந்த ஓர் ஆஸ்பத்திரிக்குப் பணமும் ஆளும் கூடலாம். ஆனால் சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகள் மாகாணத்திலேயே நின்றுவிடும். இரண்டு நிர்வாகங்களுக்கு இடையில் அம்புலன்ஸ், ஆய்வுகூட மாதிரி, பதிலாள் என்று எதைப் பகிர்வதற்கும் இரட்டிப்புக் கடிதம் வேண்டும். பெயர்ப்பலகை மாறுவதற்கு முன், சுற்றியுள்ளவற்றுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பது நியாயமான கேள்வி.

முதல் கோரிக்கை: ஆள்

ஆதார வைத்தியசாலையில் ஒரு சிசேரியன் நடக்க என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

1. மகப்பேற்று நிபுணர்.
2. மயக்க மருந்து கொடுக்கும் நிபுணர், அல்லது அதில் பயிற்சி பெற்ற மருத்துவர்.
3. பிறக்கும் குழந்தைக்கு மூச்சு வராவிட்டால் உடனே பார்க்கக்கூடிய சிறுவர் பிரிவு மருத்துவர்.
4. சத்திரசிகிச்சைக் கூடத் தாதியர், உதவியாளர்.
5. பொருத்தம் பார்த்து இரத்தம் தர ஆய்வுகூடத்தில் ஆள்.
6. கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் இயந்திரமும், மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரும்.

ஆறில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தத் தாய் அம்புலன்ஸில் ஏற்றப்படுவார். அடிக்கடி இல்லாமல் போவது இரண்டாவது. ஒரு வாரத்தில் 168 மணித்தியாலங்கள். மயக்க மருந்து நிபுணர் ஒரேயொருவர் என்றால் அவர் தூங்க வேண்டும், ஊருக்குப் போக வேண்டும், காய்ச்சல் வந்தால் படுக்க வேண்டும். அந்த நேரங்களில் மகப்பேற்று நிபுணர் இருந்தும் பயனில்லை, கூடம் இருந்தும் பயனில்லை. "கூடம் இருக்கிறது, ஏன் பட்டணத்துக்கு அனுப்புகிறார்கள்?" என்று உறவினர்கள் கோபப்படுவது இப்படியான இரவுகளில்தான். அனுப்பியவர்மேல் கோபப்பட்டுப் பலனில்லை. ஒருவருக்கு மட்டும் இடம் வைத்த ஆளணிப் பட்டியலில்தான் குறை.

அங்கீகரிக்கப்பட்ட ஆளணி என்பது ஓர் ஆஸ்பத்திரிக்கு எத்தனை பதவிகள் என்று அரசு ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை. அது வேறு, இன்று கடமையில் இருப்போர் வேறு. லீவு, பட்டமேற்படிப்பு, பிரசவ விடுமுறை, வெளிநாடு போனவர் எல்லோரும் பட்டியலில் இருப்பார்கள், விடுதியில் இருக்கமாட்டார்கள். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருத்துவர்கள் பெருமளவில் நாட்டைவிட்டுப் போனது இந்த இடைவெளியை எல்லா மாவட்டங்களிலும் அகலமாக்கியது. தூர மாவட்டங்களுக்கு அடி இன்னும் பலமாக விழுந்தது.

அடுத்தது வருடாந்த இடமாற்றம். பழையவர் விடுவிக்கப்படும் நாளும் புதியவர் கடமையேற்கும் நாளும் ஒன்றாக இருப்பது அரிது. புதியவர் மேன்முறையீடு செய்வார், அல்லது அவர் இப்போது வேலை செய்யும் இடத்தில் அவரை விடுவிக்கமாட்டார்கள். இரண்டு மருத்துவர்கள் இருக்கும் பிரதேச வைத்தியசாலையில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் இரவு பகலாகத் தனியே நிற்க வேண்டும். சில வாரங்களில் இரவில் நோயாளிகளை அனுமதிப்பது நின்றுவிடும். பிறகு விடுதி பெயருக்குத்தான் திறந்திருக்கும்.

மருத்துவர்கள் இதற்குக் கேட்பவை மூன்று. பதிலாள் கடமையேற்றபின் மட்டும் விடுவித்தல். கஷ்டப் பிரதேசத்தில் வேலை செய்த காலத்துக்கு அடுத்த இடமாற்றத்தில் உண்மையான முன்னுரிமை. குடியிருக்கக்கூடிய குவாட்டர்ஸ். மூன்றாவதை இலேசாக எண்ணக்கூடாது. தண்ணீர் வராத, கூரை ஒழுகும், கதவில் பூட்டு நிற்காத குவாட்டர்ஸில் ஓர் இளம் பெண் மருத்துவரைத் தனியே தங்கச் சொல்வது சரியல்ல. அவர் பட்டணத்தில் அறை எடுத்துப் போய்வருவார். அப்போது இரவு ஒன்றரைக்கு வரும் நோயாளிக்கு அந்த ஆஸ்பத்திரியில் மருத்துவர் இருக்கமாட்டார். பத்து இலட்சம் செலவழித்துக் குவாட்டர்ஸைத் திருத்துவது, பல கோடி செலவழித்து விடுதி கட்டுவதைவிட அதிக இரவுகளைத் திறந்து வைக்கும்.

இரண்டாவது: மருந்து ஏன் முடிகிறது?

காசில்லாததால் என்பது பாதி விடைதான். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்திய பின் வந்த தட்டுப்பாடு டொலர் இல்லாததால் வந்தது. சாதாரண வருடங்களிலும் மருந்து முடிகிறது. அதற்கு மதிப்பீட்டு முறையே ஒரு காரணம்.

ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் அடுத்த வருடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறது. அவை மாவட்டத்தில் சேர்ந்து, கொழும்பில் சேர்ந்து, விலைமனுக் கோரி, கப்பலில் வந்து, தரம் பார்த்து, மாவட்டக் களஞ்சியத்துக்கு வந்து, லொறியில் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு மாதக் கணக்காகும். எழுதும் எண்ணிக்கைக்கு அடிப்படை, கடந்த வருடம் எவ்வளவு கொடுத்தோம் என்ற பதிவு. அங்கேதான் பிழை தொடங்குகிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம்.

1. ஒரு கிளினிக்கில் 400 நீரிழிவு நோயாளிகள். ஆளுக்கு நாளுக்கு 3 மெட்ஃபோமின் 500 மில்லிகிராம் குளிசை என்று வைத்துக்கொள்வோம்.
2. மாதத்துக்கு 400 × 3 × 30 = 36,000. வருடத்துக்கு 4,32,000.
3. அந்த வருடம் மூன்று மாதம் மருந்து வரவில்லை. கொடுத்தது 9 மாதத்துக்கு: 3,24,000.
4. பதிவைப் பார்த்து எழுதினால் அடுத்த வருடக் கோரிக்கையும் 3,24,000. ஐப்பசி வரும்போது களஞ்சியம் வெறுமை.

தட்டுப்பாடு தன்னைத்தானே அடுத்த வருடத்துக்கும் எழுதி வைத்துக்கொள்கிறது. இல்லாத நாட்களைக் கணக்கில் சேர்த்துத் திருத்தி எழுத, அந்த நாட்கள் பதிவாகியிருக்க வேண்டும். மருந்தறையில் ஒரே மருந்தாளர் நின்று காலை எட்டு மணியிலிருந்து நூற்றுக்கணக்கானோருக்குக் குளிசை எண்ணிக் கொடுக்கும் இடத்தில் அந்தப் பதிவை யார் எழுதுவார்? ஆகவே மருந்தைக் கேட்கும் மருத்துவர்கள் மருந்தாளரையும், இருப்பைப் பதியக் கணினியையும் சேர்த்தே கேட்கிறார்கள்.

தட்டுப்பாட்டின்போது இன்னொன்று நடக்கிறது. ஒரு மாதத்துக்குக் கொடுக்கும் மருந்தை இரண்டு வாரத்துக்குக் குறைத்துக் கொடுப்பார்கள். நோக்கம் நல்லது, எல்லோருக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்பது. விளைவு, கிளினிக் வரிசை இரண்டு மடங்காகிறது. வெருகலில் இருந்து பட்டணத்துக்கு வரும் வயதானவர் ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் மாதத்தில் இரண்டு முறை இழக்கிறார். சிலர் குளிசையைப் பாதியாக உடைத்துப் போடுகிறார்கள், சிலர் ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த கிளினிக்கில் சீனி 300 ஐத் தாண்டி நிற்கும்போது மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார்கள். "மருந்து ஒழுங்காகப் போட்டீர்களா ஐயா?" என்று கேட்க, வரிசையில் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்தான் இருக்கிறது.

குளிரில் வைக்க வேண்டிய மருந்துகள் தனிக் கதை. இன்சுலினும், பிரசவத்தின்பின் இரத்தப்போக்கை நிறுத்தும் ஒக்சிடோசினும் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். திருகோணமலை வெயிலில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் இல்லாத சின்ன ஆஸ்பத்திரியில் குளிர்சாதனப் பெட்டி பல மணிநேரம் சூடேறினால், குப்பியைப் பார்த்து எதுவும் தெரியாது. நிறம் மாறாது. போட்டபின் கருப்பை இறுகாதபோதுதான் தெரியும். பெட்டிக்குள் ஒரு வெப்பமானி, காலையும் மாலையும் எழுதும் ஒரு தாள், பெட்டிக்கு மட்டும் சூரியமின் ஏற்பாடு: இவ்வளவுதான் கேட்கப்படுகிறது.

மூன்றாவது: நேரத்தைக் காப்பாற்றும் சிகிச்சையைக் கீழே கொண்டுவருதல்

சில நோய்களில் தூரமே கொல்கிறது. மாரடைப்பில் இதயத்தின் இரத்தக் குழாய் அடைபட்டால் தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகிறது. அடைப்பைக் கம்பி விட்டுத் திறக்கும் வசதி, நோயாளியைக் கண்ட 2 மணித்தியாலத்துக்குள் எட்டக்கூடியதென்றால் அதுவே முதல் தெரிவு. கண்டியோ கொழும்போ அந்த நேரத்துக்குள் எட்டாது. திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வீதியால் 250 கிலோமீற்றருக்கு மேல். ஆகவே இங்கே உயிரைக் காப்பது இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி.

அதற்கான படிகள்:

1. நெஞ்சுநோவோடு வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி.
2. மாரடைப்பென்றால் அஸ்பிரின் 300 மில்லிகிராமைச் சப்பித் தின்னக் கொடுத்தல், கூடவே குளோபிடோக்ரெல்.
3. இரத்தக்கசிவு அபாயம் இல்லையென்று உறுதிசெய்து 30 நிமிடத்துக்குள் ஊசி. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 இலட்சம் அலகுகள், 30 முதல் 60 நிமிடத்தில் சேலைனோடு. டெனெக்டெப்ளேஸ் என்றால் நிறைக்கேற்ற அளவு ஒரே தடவையில்.
4. பிறகு, கண்காணிப்புக் கருவியோடு மேல்நிலை ஆஸ்பத்திரிக்கு.

நடைமுறையில் தவறுவது முதல் படி. இ.சி.ஜி. இயந்திரம் இருக்கும், தாள் முடிந்திருக்கும். தாள் இருக்கும், அதை வாசித்துச் சொல்ல நம்பிக்கையுள்ளவர் இருக்கமாட்டார். அப்போது "பட்டணத்துக்குக் கொண்டு போங்கள்" என்பதே பதிலாகும், ஒரு மணித்தியாலம் வீதியில் போகும். இ.சி.ஜி.யைப் படமெடுத்து நிபுணருக்கு அனுப்பிப் பதில் பெறும் முறைக்கு செலவே இல்லை. ஆனால் எந்த இலக்கத்துக்கு அனுப்புவது, எத்தனை நிமிடத்தில் பதில், பதில் சொன்னவர் பொறுப்பேற்பாரா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். தனிப்பட்ட நட்பில் ஓடும் முறை அந்த நண்பர் இடமாறினால் நின்றுவிடும்.

பாம்புக்கடியிலும் இதே கதை. வயல் வெட்டும் காலத்தில் கண்ணாடிப் புடையன் கடித்து வருபவருக்கு விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சரித்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் ஒட்டி நிற்கும். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து தொடங்க வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சவர்க்காரம் போட்டுக் கழுவியதாக இருந்தாலோ சோதனை பிழைத்துவிடும். விஷமுறிவு மருந்து 10 முதல் 20 குப்பிகள் வரை ஏற்ற வேண்டிவரும். அதற்குக் கடுமையான ஒவ்வாமை வருவது அடிக்கடி நடப்பது. அட்ரினலின் கையில் இருக்க வேண்டும், பக்கத்தில் மருத்துவர் நிற்க வேண்டும். கோமரங்கடவல போன்ற இடத்தில் இதைத் தொடங்க முடியுமா, வேனில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது குப்பியும் ஆளும்தான்.

அம்புலன்ஸ் பற்றி ஒரு தெளிவு. 1990 சுவசெரிய 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடு முழுவதும் விரிந்தது. வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதே அதன் வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது ஆஸ்பத்திரியின் சொந்த வண்டி. அந்த வண்டி ஒன்றுதான், அது பட்டணத்துக்குப் போயிருந்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். கூடவே ஒரு தாதி போவதால் விடுதியில் ஒருவர் குறைவார். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின், பாதை மிதவைக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. வீதி சரியாகிவிட்டது, வண்டியும் ஆளும் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை.

நான்காவது: ஆய்வுகூடம்

2017 இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. அந்த வருட முற்பகுதியில் கிண்ணியா கண்ட துயரத்தை இந்த மாவட்டம் மறக்காது. டெங்குவில் உயிரைக் காப்பது தனி மருந்து எதுவும் இல்லை. சரியான அளவு திரவம், சரியான மணித்தியாலத்தில். காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்துக் கட்டம் தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் வரை இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். கசிவைக் காட்டுவது இரத்தத்தில் செங்கலங்களின் (சிவப்பணுக்களின்) பங்கு: அது அடிப்படையைவிட 20 சதவீதம் உயர்ந்தால் கசிகிறது. தட்டணுவை மட்டும் பார்த்துப் பயப்படுவது வழக்கம். மருத்துவர் கண்ணை வைத்திருப்பது மற்ற எண்ணில்.

அந்த எண்ணைச் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும் பார்க்க வேண்டும். விரல் குத்தி, முடி போன்ற கண்ணாடிக் குழாயில் இரத்தம் ஏற்றி, ஒரு முனையை அடைத்து, ஐந்து நிமிடம் சுழற்றி, அளவுகோலில் வைத்து வாசிக்கலாம். சுழற்றும் இயந்திரம் ஒரு மேசையின் மூலையில் அடங்கும். ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் மாலை நாலு மணிக்குப் போய்விடும் ஆஸ்பத்திரியில் இது இல்லையென்றால், இரவில் கசியும் நோயாளியை ஊகத்தில் பார்க்க வேண்டும். திரவம் குறைந்தால் இரத்த ஓட்டம் சரியும் அதிர்ச்சி நிலை, கூடினால் நெஞ்சுக்குள் நீர். ஆகவே பொறுப்புள்ள மருத்துவர் டெங்கு சந்தேகம் வந்ததுமே எல்லோரையும் மேலே அனுப்புவார். பட்டணத்து விடுதி நிரம்பி வழிவது இதனால்.

இரத்த மாதிரியை மட்டும் அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். அனுப்பலாம், ஆனால் வெறும் குழாயில் அறை வெப்பத்தில் நிற்கும் இரத்தத்தில் சீனி மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். புளோரைட் போட்ட சாம்பல் மூடிக் குழாய் வேண்டும். குலுங்கும் வீதியிலும் வெயிலிலும் செங்கலங்கள் உடைந்தால் பொட்டாசியம் பொய்யாக உயரும். பதவி ஸ்ரீபுர பக்கத்துச் சிறுநீரக நோயாளிக்கு அந்தப் பொய் எண் வீண் பயத்தையும் தேவையற்ற சிகிச்சையையும் கொண்டுவரும். குளிர்ப்பெட்டியோடு நாளுக்கு இரண்டு முறை ஓடும் ஒரு மோட்டார் சைக்கிள் ஒழுங்கு இதற்குப் போதும்.

கிளினிக் கொப்பியும் மொழியும்

நோயாளியின் வரலாறு முழுவதும் அவர் கையிலுள்ள கொப்பியில் இருக்கிறது. மழையில் நனைந்தால், வீடு மாறும்போது தொலைந்தால் பத்து வருட வரலாறு போய்விடும். 2018 இல் வந்த ஆரம்ப சுகாதாரக் கொள்கை, குடும்பங்களைப் பக்கத்து நிலையத்தில் பதிந்து, ஆளுக்கு ஓர் இலக்கம் கொடுத்து, சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஒன்றோடு கொத்தணியாக இணைக்கச் சொல்கிறது. சரியான வழி அது. பதிவு மட்டும் நடந்து மருந்து வராவிட்டால் மக்கள் திரும்பப் பட்டணத்துக்கே போவார்கள்.

மொழி அதைவிட அவசரம். தெற்கிலிருந்து வரும் இளம் மருத்துவர்கள் இல்லாமல் எங்கள் ஆஸ்பத்திரிகள் ஓடாது. அவர்கள் உழைப்புக்கு இந்த மாவட்டம் கடமைப்பட்டது. ஆனால் எங்கள் ஆச்சி "களைக்குது" என்றால் அது சோர்வாகவும் இருக்கலாம், மூச்சுத் திணறலாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. "படுத்தால் கூடுதா? எத்தனை தலையணை வைக்கிறீங்க அம்மா?" என்று கேட்டால்தான் இதயம் பலவீனமாகியிருப்பது பிடிபடும். அந்தக் கேள்வியைத் தாதியோ சிற்றூழியரோ இடையில் நின்று சுருக்கிவிட்டால் போயிற்று. கடமையேற்கும்போது சில வார மருத்துவத் தமிழ்ப் பயிற்சி, வெளிநோயாளர் பிரிவில் ஒரு மொழி உதவியாளர், குளிசை உறையில் தமிழிலும் சிங்களத்திலும் நேரமும் அளவும். மூன்றுக்கும் புதிய கட்டடம் வேண்டாம்.

வெளிக்களம்

குடும்ப நல உத்தியோகத்தர் ஒருவருக்கு ஏறத்தாழ 3,000 பேர் என்பது எதிர்பார்ப்பு. ஒருவர் இரண்டு பிரிவைப் பார்க்கும் இடத்தில் முதலில் தவறுவது, பிரசவித்த தாயை வீட்டில் போய்ப் பார்க்கும் வருகை. நாட்டின் இறப்புகளில் ஐந்தில் நான்குக்கு மேல் தொற்றா நோய்களால். ஆகவே சுகவாழ்வு நிலையங்களில் 35 வயதுக்கு மேற்பட்டோரின் பிரஷரையும் சீனியையும் பார்ப்பதும் இதே வரிசையில் வருகிறது. வேலைநாள் காலையில் திறந்தால் பெண்களே அதிகம் வருவார்கள். கடலுக்குப் போகிறவரும் கூலிக்குப் போகிறவரும் வருவதில்லை. மாலையிலோ ஞாயிறிலோ, மீன்வாடிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அவர்களும் அகப்படுவார்கள்.

கட்டடம் ஏன் பட்டியலில் கீழே?

அரச கணக்கில் இரண்டு வகைச் செலவு உண்டு. கட்டடம், இயந்திரம் மூலதனச் செலவு: ஒருமுறை, வெளிநாட்டுக் கடனோ நன்கொடையோ கிடைக்கும், திறப்புவிழா உண்டு. சம்பளம், மருந்து, மின்சாரம், திருத்தம் எல்லாம் மீண்டெழும் செலவு: ஒவ்வொரு வருடமும் வரவேண்டும், அதைத் தர நன்கொடையாளர் வருவதில்லை. புதிய விடுதி திறந்த அன்றே அதன் மீண்டெழும் செலவு தொடங்குகிறது. அது ஒதுக்கப்படாவிட்டால் பழைய விடுதியின் தாதியரைப் பிரித்துத்தான் புதியதை ஓட்ட வேண்டும். இரண்டும் மெலியும்.

இயந்திரத்திலும் இதுவே. கடலோர உப்புக் காற்றில், மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில், குளிரூட்டி பழுதானால் ஸ்கேன் அறை வேகமாகப் பாதிக்கப்படும். இலவசக் காப்புக் காலம் முடிந்தபின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு வருடாவருடம் பணம் வேண்டும். ஆய்வுகூட இயந்திரம் நன்கொடையாக வந்தாலும் அதற்கேற்ற இரசாயனத்தை ஒரே கம்பனியிடம்தான் வாங்க வேண்டியிருக்கும்.

கட்டடம் தேவையான இடங்கள் இருக்கின்றன, அதை எந்த மருத்துவரும் மறுக்கமாட்டார். ஆனால் அடுத்த அறிவிப்பு வரும்போது, பிரதேச சபையிலோ ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுவிலோ இருப்பவர்கள் எழுத்தில் விடை கேட்கக்கூடியவை இவை:

1. இந்தக் கட்டடத்துக்குப் புதிய ஆளணி அங்கீகரிக்கப்பட்டதா, எத்தனை தாதியர்?
2. முதல் மூன்று வருட மீண்டெழும் செலவு எந்த வரவுசெலவில் இருக்கிறது?
3. இயந்திரத்தின் பராமரிப்பு ஒப்பந்தம் யார் பெயரில், எத்தனை வருடத்துக்கு?
4. கடந்த 12 மாதத்தில் இந்த ஆஸ்பத்திரியில் எந்தெந்த மருந்து எத்தனை நாள் இல்லாமல் இருந்தது?
5. கடந்த மாதம் இங்கிருந்து மேலே அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எது இல்லாததால்?

ஐந்தாவது கேள்விக்கான விடை ஏற்கனவே இருக்கிறது. ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் அம்புலன்ஸ் ஓட்டப் புத்தகமும் நோயாளிகளை மேலே அனுப்பிய பதிவேடும் உண்டு. மாதமொருமுறை அவற்றை எடுத்து, "மயக்க மருந்து நிபுணர் இல்லை", "இரவு ஆய்வுகூடம் இல்லை", "மருந்து இல்லை" என்று காரணத்துக்கு ஒரு நிரல் போட்டு எண்ணினால், அந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் எது வேண்டும் என்பது ஒரு பக்கத்தில் வந்துவிடும்.